நிலவை நாலு விதமாகக் கூப்பிடலாம்: சின்னப் பிள்ளைகளைக் கவிதைக்குப் பழக்க ஒரு வழிகாட்டி

மகளுக்கு அப்போது நாலரை வயது. ஒரு பின்னேரம் வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடந்து, கடலோரக் கற்களில் உட்கார்ந்திருந்தோம். அலை கல்லில் மோதி வெள்ளை வெள்ளையாக வழிந்தது. "அம்மா, கடல் பல்லுத் தீட்டுது" என்றாள். சொல்லிவிட்டுத் தன்பாட்டில் பிஸ்கட்டைத் தின்னத் தொடங்கிவிட்டாள்.

நான்தான் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'பல்லுத் தீட்டுது' கொஞ்சம் கொச்சையாகப் பட்டது. "கடலம்மா பல் துலக்குகிறாள், கரையெல்லாம் நுரை பெருக்குகிறாள்" என்று இரண்டு வரியாக்கி, கீழே மகளின் பெயரையும் வயதையும் எழுதிவிட்டேன். பெரியம்மாவிலிருந்து கனடா மாமா வரை எல்லாரும் கைதட்டிப் படம் போட்டார்கள். இரவு அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "இது நான் சொன்னதில்லை" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு கிழமை என் காதில் விழும்படி அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அந்த இரண்டு கிழமையில் யோசித்ததும், பிறகு மகளோடும் அக்காவின் மகனோடும் செய்து பார்த்ததும்தான் இந்த வழிகாட்டி. இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரைக்கும் இது பொருந்தும். தொடர்மாடி வீடும், காலி வீதி நெரிசலும், வீட்டில் தமிழ், வாசலில் சிங்களம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்ற கொழும்பு வாழ்க்கையும்தான் என் பின்னணி. வேறு ஊரில் இருப்பவர்கள் ஊருக்கேற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: மேடையைத் தள்ளி வையுங்கள்

நம்மிடையே பிள்ளையும் கவிதையும் முதலில் சந்திக்கிற இடம் பெரும்பாலும் பாவோதல் போட்டிதான். தமிழ்மொழித்தினம் வருகிறதென்றால் வீட்டில் ஒரே மனப்பாடம், கை அசைவு, கண் உருட்டல். நானும் இரண்டாம் வகுப்பில் ஏறியவள். மூன்றாவது வரி மறந்துபோனது. மேடையின் ஓரத்தில் ஆசிரியை வாயை மட்டும் அசைத்து எடுத்துக்கொடுக்கிறார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்றைக்கும் புதுச் சப்பாத்து கடித்தது ஞாபகம் இருக்கிறது, பாட்டு ஞாபகம் இல்லை.

போட்டி கூடாது என்று சொல்ல வரவில்லை. அது கடைசியில் வரவேண்டியது. ஏழு வயதுக்குள் மூன்று காரியங்களைச் செய்யாமல் இருந்தாலே போதும்: விருந்தாளி வந்தால் "எங்கே, அந்தப் பாட்டைச் சொல்லிக் காட்டு" என்பது, சொல்லும்போது போனில் படம் பிடிப்பது, முடிந்ததும் "இதன் கருத்து என்ன?" என்று கேட்பது. மூன்றாவதுதான் மோசமானது. கருத்துக் கேட்கத் தொடங்கியவுடன் பாட்டு பாடமாகிவிடும்.

படி 2: காதையும் கையையும் பழக்குங்கள்

இரண்டு, மூன்று வயதில் கவிதை உடம்பில்தான் இருக்கிறது. கைவீசம்மா, சாய்ந்தாடம்மா எல்லாம் அதற்காகவே உண்டானவை. அவற்றில் சொல் பாதி, அசைவு பாதி. மடியில் வைத்து ஆட்டிக்கொண்டு சொல்லுங்கள். டிவியில் போட்டுவிட்டால் ஆட்டம் போய்விடும், பொம்மை ஆடுவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். படத்தோடு வரும் பாட்டில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. நிலா எப்படி இருக்கும், காகம் எப்படி இருக்கும் என்பதை யாரோ ஒரு ஓவியர் முடிவுசெய்துவிடுகிறார். பாட்டுப் போட்டே ஆகவேண்டுமென்றால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது தட்டுவது. 'நிலா நிலா ஓடி வா' என்பதற்கு நாலு தட்டு: நிலா, நிலா, ஓடி, வா. தட்டு பழகியதும் உள்ளே இருக்கும் சொல்லை மாற்றச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் முதலில் வந்தது பஸ். பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகும் 100ஆம் நம்பருக்காக நின்று நின்று அலுத்துப்போய், "நூறே நூறே ஓடி வா, நிக்காமல் போகாதை" என்று இருவரும் கத்தினோம். பஸ் தரிப்பிடத்தில் பக்கத்தில் நின்ற ஐயா ஒருவரும் சிரித்துக்கொண்டே கையைத் தட்டினார். இரண்டாவது வரி தட்டுக்குள் சரியாக அடங்கவில்லை. அடங்காவிட்டால் பரவாயில்லை.

அப்புறம் இரட்டைக்கிளவி. தமிழ் இந்த வயதுக்கென்றே வைத்திருக்கும் சொத்து இது: சலசல, தடதட, மொறுமொறு, குடுகுடு, வழவழ. பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள், கேட்ட சத்தத்துக்கெல்லாம் பெயர் வையுங்கள். அகராதியில் உள்ள சொல்தான் வேண்டுமென்று இல்லை. ரயில் 'தடதட' என்பது எல்லாருக்கும் தெரியும். கொத்து ரொட்டிக் கடையில் இரண்டு தகடும் கல்லில் விழுகிற சத்தத்துக்கு என்ன சொல்வது? அக்காவின் மகன் "டக்கரட்டிக் டக்கரட்டிக்" என்றான். மகள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இல்லை, அது ரொட்டி ரொட்டி எண்டுதான் சொல்லுது" என்றாள். எனக்கு இரண்டும் சரியாகத்தான் கேட்டது.

படி 3: முதலெழுத்தும் இரண்டாம் எழுத்தும்

நேர்சரியில் ஆங்கிலப் பாட்டுப் பழகிய பிள்ளை, பாட்டென்றால் வரியின் வால் ஒத்துப்போக வேண்டும் என்று நினைக்கும். தமிழில் வாலும் ஒக்கலாம், அது இயைபு. ஆனால் நம் பழைய செய்யுள் அதிகம் நம்பியது தலையை. முதலெழுத்து ஒத்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை. இந்தப் பெயர்களைப் பிள்ளைக்குச் சொல்லவேண்டாம். ஓட்டோவில் சிக்கிக்கொண்ட நேரத்தில் விளையாட்டாகச் செய்யுங்கள்.

முதலில் மோனை, அது எளிது. 'க' வில் தொடங்குவது மட்டும்: கடல், காகம், கச்சான். நாலு சொல் சேர்ந்ததும் ஒரு வசனமாக்குங்கள். "காகம் கச்சானைக் கடலுக்குக் கொடுத்தது." ஏன் கொடுத்தது என்று கேட்டால் கதை வந்துவிடும். எதுகை ஐந்து வயதுக்கு மேல்தான் பிடிபடுகிறது. பாட்டி, வீடு என்று தனித்தனியாகக் கேட்டால் பிள்ளை முழிக்கும். "பாட்டி வீட்டைப் பூட்டிக் காட்டுக்குப் போனாள்" என்று சொல்லிப் பாருங்கள், உடனே 'ட்டி ட்டை' என்று பிடித்துக்கொள்ளும். ஒலியைக் காதால் பிரித்துப் பழகிய பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பதும் இலகுவாக வருகிறது. அதற்காகச் செய்யவேண்டாம், கூடவே வருகிற லாபம் அது.

படி 4: நொடி போடுங்கள்

விடுகதையை எங்கள் பக்கம் நொடி என்போம். உவமை என்றால் என்னவென்று ஒரு சொல்கூட விளக்காமல் பிள்ளையை உவமைக்குள் இறக்கிவிட நொடியைப் போல வேறொன்றும் இல்லை.

நான் தொடங்கிய இடம் பிழை. அம்மம்மாவிடம் கேட்ட நொடியைப் போட்டேன்: "பூக்கும், காய்க்கும், கலகலக்கும், காகம் இருக்க இடமில்லை." விடை நெல். நெல்லைக் கதிரோடு பார்த்திராத பிள்ளைக்கு இது எப்படிச் செல்லும்? போனில் படம் காட்டி விளங்கப்படுத்தினேன். விளங்கப்படுத்திய நொடி ஆறிப்போன அப்பம் மாதிரி. ஆகவே கண்ணுக்கு முன்னால் இருப்பதிலிருந்து தொடங்குங்கள்: முட்டை, குடை, மின்விசிறி, சாவி.

நாலைந்து நொடி அவிழ்த்த பிறகு பிள்ளையே நொடி போடலாம். அதற்கு மூன்று கேள்வி: அது எதைப் போல இருக்கு? என்ன செய்யும்? எதைச் செய்யாது? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், நொடியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. எங்கள் மொட்டைமாடியிலிருந்து தாமரைக் கோபுரம் தெரியும். எதைப் போல? தாமரை மொட்டு. என்ன செய்யும்? இரவில் நிறம் மாறும். எதைச் செய்யாது? 350 மீற்றர் உயரமான தாமரை, பக்கத்திலேயே பெய்ரா ஏரி, ஆனால் தண்ணீருக்குள் இறங்கவில்லை. மகள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "குளிக்கப் பயந்த தாமரை, அது என்ன?"

அக்காவின் ஆறு வயது மகனுடையது இது: "மூண்டு காலில வரும், பியானோ வாசிக்கும், வயித்துக்குள்ள பணிஸ்." கொழும்பில் இருப்பவர்களுக்கு விடை சொல்லத் தேவையில்லை. வெளியூராருக்காகச் சொல்கிறேன், சூன் பாண் ஓட்டோ. பீத்தோவனின் மெட்டை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பாண் விற்கும். அந்த மெட்டுக்குச் சொல் போடுவதும் ஒரு நல்ல விளையாட்டு. எங்கள் வீட்டுச் சொற்களை இங்கே எழுதமாட்டேன், பாண்காரரைப் பற்றி மரியாதைக் குறைவாக இருக்கும்.

படி 5: நிலவைக் கூப்பிடுங்கள்

இதற்குத்தான் நான் அதிக நேரம் கேட்பேன். ஒரு முழு மாலை வேண்டும். இலங்கையில் அதற்கு வசதியும் இருக்கிறது. பௌர்ணமிதோறும் போயா, எல்லாருக்கும் விடுமுறை. நிலவு பார்க்க அரசாங்கமே மாதாமாதம் லீவு தருகிறது, நாம் அன்றைக்கு உடுப்புத் தோய்க்கிறோம்.

பிள்ளைத்தமிழ் என்று ஒரு பழைய இலக்கிய வகை உண்டு. கடவுளையோ பெரியவர் ஒருவரையோ குழந்தையாக வைத்துப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பாடுவது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று போகும். அம்புலிப் பருவத்தில் குழந்தையோடு விளையாட வரும்படி நிலவைக் கூப்பிட வேண்டும். வராத ஒன்றை எப்படிக் கூப்பிடுவது? அரசர்கள் பகைவரிடம் கையாளும் நாலு உபாயங்களையும் புலவர்கள் நிலவிடம் கையாண்டார்கள்: சாமம், பேதம், தானம், தண்டம். நீயும் இந்தப் பிள்ளையும் ஒன்றுபோல என்று இனிமையாகச் சொல்வது சாமம். உனக்குக் கறை இருக்கிறது, நீ தேய்கிறாய், இந்தப் பிள்ளை அப்படியில்லை என்று வேற்றுமை காட்டுவது பேதம். வந்தால் இன்னது கிடைக்கும் என்பது தானம். வராவிட்டால் நடப்பதைப் பார் என்று வெருட்டுவது தண்டம். இது பாடக் கடினமான பருவம், அதனால்தான் "பிள்ளைக் கவிக்கு அம்புலி புலி" என்று சொல்லி வைத்தார்கள். புலவர்களுக்குப் புலி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது தினமும் செய்கிற வேலை. ஐஸ்கிரீம் வேண்டுமென்றால் கொஞ்சும், ஒப்பிடும், பேரம் பேசும், கடைசியில் தரையில் விழுந்து வெருட்டும். நாலு உபாயமும் அதன் கையில் ஏற்கனவே இருக்கிறது.

செய்யும் முறை: போயா மாலை ஆறு மணிக்கு முன்பே காலிமுகத்திடலுக்குப் போய்விடுங்கள். கடல் மேற்கே. பௌர்ணமியன்று சூரியன் கடலுக்குள் இறங்குகிற நேரத்தை ஒட்டி, முதுகுப் பக்கம் ஹோட்டல் கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து நிலவு ஏறும். பிள்ளையை முதலில் கடலைப் பார்க்க விடுங்கள். சூரியன் மறைந்ததும் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்புங்கள். ஒன்றும் பேசாதீர்கள். நான் திருப்பியபோது அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அங்கால விழுந்தது இங்கால வந்திட்டுதா?" என்றாள். "அப்படியா?" என்று மட்டும் கேட்டேன். பூமி சுற்றுவதைப் பிறகு சொல்லலாம், அவசரமில்லை.

பிறகு ஒவ்வொரு உபாயமாக, சாதாரணப் பேச்சில். "நிலவைக் கீழே கூப்பிடுவோமா? முதல் வடிவாய்க் கதைச்சுக் கூப்பிடு." அவள் சொன்னவை இவை, ஒரு எழுத்தும் மாற்றவில்லை:

"நிலா, உனக்கும் எனக்கும் வட்ட முகம்."

"வந்தா என்ர ஊஞ்சல்ல ஒரு பக்கம் இருக்கலாம்."

"வராட்டி எல்லா லைட்டும் போடுவன். நீ ஒருத்தருக்கும் தெரியமாட்டாய்."

பேதம்தான் அவளுக்கு வரவில்லை. வேற்றுமை காட்டுவது பெரியவர்களுக்கே சிக்கல். "அங்கே இல்லாதது இங்கே என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் கீழ் வீட்டுச் சிங்களப் பிள்ளையோடு விளையாடிவிட்டு மேலே வந்தவள் அழாக்குறையாக, "நிலவில முயலாம், பாட்டி இல்லையாம்" என்றாள். சிங்களத்தில் நிலவின் கறையை 'ஹந்தே ஹாவா', நிலவு முயல், என்பார்கள். தன்னையே தானமாகக் கொடுத்த முயலின் உருவம் நிலவில் பொறிக்கப்பட்டதாக ஒரு ஜாதகக் கதை. முயல் தமிழுக்கும் புதிதல்ல, நிலவுக்கு 'முயற்கூடு' என்றே ஒரு பழைய பெயர் உண்டு. எது உண்மை என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. "இரண்டு பேரும் இருந்தால் என்ன செய்வினம்?" என்று கேட்டேன். அன்று இரவே பாட்டி வடை சுட, முயல் காகம் வராமல் காவல் என்று முடிவாகிவிட்டது.

அந்தப் பாட்டி காலிமுகத்திடலில் உதவிக்கு வந்தாள். அங்கே இறால் வடை தின்றிருக்கிற என் மகள் நிலவைப் பார்த்துச் சொன்னாள்: "உங்கட பாட்டி சுடுற வடையில இறால் இல்லை. இங்க இருக்கு."

மழைக்காலத்தில் முகில் மறைத்துவிட்டால் ஏமாற வேண்டாம். ஒளிந்திருக்கும் நிலவைக் கூப்பிடுவது இன்னும் நல்லது, வெருட்ட நிறையக் காரணம் கிடைக்கும். நிலவு அலுத்தால் இதே நாலு உபாயத்தை லிப்டிடமோ பூனையிடமோ காட்டலாம்.

படி 6: ஒரு சி.ஆர். கொப்பி

பிள்ளை சொல்வதை எழுதுவதற்குத் தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். எழுதுவது நீங்கள், சொல்வது பிள்ளை. விதி ஒன்றுதான்: திருத்தக் கூடாது. 'பல்லுத் தீட்டுது' என்றால் 'பல்லுத் தீட்டுது'. இடையில் சிங்களச் சொல் வந்தால் அதுவும் அப்படியே, தமிழ் எழுத்தில். பக்கத்தில் திகதி, இடம். பிள்ளைக்கு முன்னால் வைத்து எழுதுங்கள், எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டுங்கள். தான் சொன்னது அப்படியே தாளில் நிற்பதைக் கேட்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் என் வாட்ஸ்அப் குற்றத்தின் அளவு உங்களுக்கும் விளங்கும்.

எல்லாவற்றையும் எழுத ஓடாதீர்கள். பேனையோடு பின்னால் திரிந்தால் பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டு, உங்களுக்காகவே சொல்லத் தொடங்கிவிடும். எங்கள் கொப்பியில் ஒரு மாதத்துக்கு மூன்று, நாலு வரிதான் சேர்கிறது.

படி 7: இப்போது புத்தகம்

காது பழகிய பிறகுதான் புத்தகம். கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942 இல் தொடங்கியது, வெள்ளவத்தையிலேயே அதன் நூலகம் இருக்கிறது. விகாரமகாதேவி பூங்காவை ஒட்டிக் கொழும்புப் பொது நூலகம். பூங்காவில் ஓடவிட்டுக் களைத்த பிறகு உள்ளே கூட்டிப் போகலாம், மறுவளமாகச் செய்தால் சரிவராது. வீட்டிலிருந்தே என்றால் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்துச் சிறுவர் பாடல் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபப் புத்தகக் கண்காட்சிக்குப் போனால் பிள்ளையே ஒன்றைத் தெரிவுசெய்யட்டும், நீங்கள் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். அதற்குமேல் வேண்டாம்.

வாசிப்பதற்கும் நாள் பார்க்கலாம். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) ஆடிப்பிறப்புப் பாட்டை நான் சும்மா ஒரு நாள் வாசித்தபோது மகள் காதில் வாங்கவில்லை. ஆடி முதலாம் திகதி, ஜூலை நடுப்பகுதியில், பனங்கட்டியும் பயறும் அரிசிமாவும் தேங்காய்ச் சொட்டும் போட்டுக் கூழ் காய்ச்சிக்கொண்டு அதையே பாடினேன். பாட்டுக்குள்ளேயே பயறு வறுப்பதும் அரிசி இடிப்பதும் வருகிறதல்லவா, அடுப்படியில் ஒவ்வொன்றாகக் கையால் காட்டினாள். ஒரேயொரு சண்டை வந்தது. பாட்டில் பள்ளிக்கூடம் விடுமுறை என்று சந்தோஷப்படுகிறார்கள், இங்கே மறுநாள் பள்ளிக்கூடம். "பொய்ப் பாட்டு" என்று கோபித்துக்கொண்டு இரண்டு கோப்பை கூழ் குடித்தாள்.

பிள்ளை தமிழில் சொல்ல மாட்டேன் என்றால்

பலரும் என்னிடம் கேட்பது இதைத்தான். கேள்வியைத் தமிழில் கேளுங்கள், பதிலை எந்த மொழியிலும் வாங்குங்கள். ஆங்கிலத்தில் சொன்ன உவமையும் உவமைதான். "தமிழில் சொல்லு" என்று நிறுத்தினால் மொழியும் போகும், உவமையும் போகும். அதற்குப் பதிலாக, பிள்ளை சொன்னதை நீங்கள் தமிழில் ஒரு தரம் வியந்து திருப்பிச் சொல்லுங்கள்: "ஓ, மழை ஜன்னலைச் சுரண்டுதா?" அவ்வளவுதான். அடுத்த மழைக்கு 'சுரண்டுது' அதன் வாயிலிருந்து வரலாம், வராமலும் போகலாம். அக்காவின் மகனுக்கு எட்டு மாதம் பிடித்தது. அதுவும் மழைக்கு வரவில்லை, கீழ் வீட்டு நாய் கதவில் நகம் வைத்தபோதுதான் வந்தது.